நடந்தது எவ்வளவு? பெயர்ந்தது எவ்வளவு?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்த தோழர்கள், "இந்தத் தடவை பௌதிக சாஸ்திரத்திலிருந்து ஏதேனும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் விளங்கும்படி பேச வேண்டும்" என்று கேட்டுக் கொண்டார்கள். நான் பட்டம் பெற்றவனல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பிறகு கடையில் பொட்டலம் கட்டிய காகிதத்தையும், பிறர் படித்துப் போட்ட புத்தகத்தையும் படித்துத்தான் ஏதோ நாலெழுத்து தெரிந்து கொண்டேன். ஆகவே பெரிய விஷயம் எதையும் பேசப் போவதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்கிற ஒரு சின்ன விஷயம்தான். தூரம் என்பது வேறு, இடப்பெயர்ச்சி என்பது வேறு, இவ்வளவுதான் விஷயம். இது சின்ன விஷயமா, பெரிய விஷயமா என்பதை நான் பேசி முடித்த பிறகு நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை கேட்ட கேள்வி

எனக்கு வயது பதினைந்து இருக்கும்போது ஒரு டவுனில் ஒரு மண்டியில் வேலைக்கு இருந்தேன். மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, தெருத் தெருவாகச் சில்லறைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. ஒரு நாள் மிகவும் தொலைவான கடைகளுக்கெல்லாம் போய்விட்டு, பொழுது சாய்ந்து திரும்பி வந்து, "இன்று அதிக தூரம் அலைந்திருக்கிறேன், சாப்பாட்டுக்கு மேற்கொண்டு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டேன். அங்கிருந்த கணக்குப்பிள்ளை மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "காலையில் எங்கேயிருந்து புறப்பட்டாய்? இந்தத் திண்ணையிலிருந்து. இப்பொழுது எங்கே நிற்கிறாய்? இதே திண்ணையில். பின்னே நீ எங்கேடா போய்விட்டாய்?" என்று கேட்டார். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க எனக்குச் சுமார் 27 வருஷம் ஆயிற்று. என் மகள் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை உரக்கப் படித்துக் கொண்டிருந்தபோது, தூரம், இடப்பெயர்ச்சி என்ற இரண்டு வார்த்தைகள் காதில் விழுந்தன. புத்தகத்தை வாங்கிப் படித்தேன். படித்தவுடன், "அடடா, கணக்குப்பிள்ளை என்னை ஒரு கேள்வி கேட்டு, அதற்கு வேறொரு கேள்வியின் பதிலையல்லவா சொல்லி ஏமாற்றிவிட்டார்!" என்று தெரிந்தது. அவர் சொன்னது என்னுடைய இடப்பெயர்ச்சி. நான் கூலி கேட்டதோ தூரத்துக்கு!

செக்குமாடு

நிற்க. இதை ஒரு உதாரணத்தால் பார்ப்போம். இப்பொழுது எண்ணெய் ஆட்டுவதற்கு மோட்டார் வந்துவிட்டது என்றாலும், மரச்செக்கில் மாடு சுற்றுவதைப் பார்த்தவர்கள் இங்கு அநேகர் இருப்பீர்கள். செக்கின் நடுவிலிருந்து மாடு நடக்கிற தடம் 3½ மீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்று எவ்வளவு? 22-ஐ 7-ஆல் வகுத்து, அதை 7 மீட்டர் குறுக்களவால் பெருக்கினால் 22 மீட்டர்.

மாடு கிழக்கே நின்று புறப்பட்டுப் பாதிச் சுற்றுச் சுற்றி மேற்கே வந்து நிற்கிறது. அது நடந்தது 11 மீட்டர். இது தூரம். ஆனால் புறப்பட்ட இடத்துக்கும் இப்பொழுது நிற்கிற இடத்துக்கும் நடுவே ஒரு கயிற்றை நேராக இழுத்துக் கட்டினால் எவ்வளவு கயிறு பிடிக்கும்? 7 மீட்டர்தான். இந்த 7 மீட்டரும், "கிழக்கிலிருந்து மேற்காக" என்ற திசையும் சேர்ந்ததுதான் இடப்பெயர்ச்சி. இன்னும் பாதிச் சுற்றும் நடக்கட்டும். தூரம் 22 மீட்டர் ஆகிவிட்டது. கயிறோ? கயிறே வேண்டியதில்லை. புறப்பட்ட இடத்திற்கே வந்துவிட்டது; இடப்பெயர்ச்சி சைபர். இப்படி ஆயிரம் சுற்றுச் சுற்றினால் தூரம் 22 கிலோமீட்டர். இடப்பெயர்ச்சி அதே சைபர்!

இதிலிருந்து என்ன தெரிகின்றது? தூரம் என்பது கூடிக்கொண்டே போகுமேயல்லாது ஒரு நாளும் குறையாது. நடந்த நடையை நடக்காததாக ஆக்க எவராலும் முடியாது. இடப்பெயர்ச்சியோ கூடும், குறையும், சைபரும் ஆகும். தூரத்துக்கு வழி முக்கியம். இடப்பெயர்ச்சிக்குப் புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் மாத்திரமே முக்கியம்; நடுவில் எந்த வழியாய் வந்தாய் என்று அது கேட்பதே இல்லை. எங்கும் திரும்பாமல் ஒரே திசையில் நேராகப் போகிறவனுக்கு மாத்திரம்தான் இரண்டும் சமம். மற்ற எவனுக்கும் தூரமே அதிகம்.

திசை இல்லாத சேதி

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தூரத்துக்கு எண் மட்டும் போதும். இடப்பெயர்ச்சிக்கு எண்ணோடு திசையும் வேண்டும். காணாமற்போன பையன் ஒருவன் "சாவடியிலிருந்து 500 மீட்டரில் இருக்கிறான்" என்று ஒருவர் வந்து சொன்னால், அவனைத் தேடி எந்தப் பக்கம் ஓடுவீர்கள்? நான்கு பக்கமும் ஓட வேண்டியதுதான்! "சாவடிக்கு நேர் வடக்கே 500 மீட்டர்" என்றால்தான் அது சேதி.

அந்தப் பையன் சாவடியிலிருந்து கிழக்கே 300 மீட்டர் போய், தெருமுனையில் திரும்பி வடக்கே 400 மீட்டர் போனான் என்றால், அவன் நடந்தது 700 மீட்டர். ஆனால் அவன் பெயர்ந்தது எவ்வளவு? முந்நூறை முந்நூறால் பெருக்கினால் 90,000. நானூறை நானூறால் பெருக்கினால் 1,60,000. இரண்டையும் கூட்டினால் 2,50,000. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் இது வரும்? 500. ஆகவே வடகிழக்காக, வடக்குப் பக்கம் சற்று அதிகம் சாய்ந்தாற்போல, 500 மீட்டர். நான் சொல்லுகிறேன் என்பதற்காக இதை நம்ப வேண்டாம். வீட்டுக்குப் போய், தரையில் மூன்று சாண், நான்கு சாண் என்று சதுர மூலையாகக் கோடு போட்டு, குறுக்கே நூலைப் பிடித்து அளந்து பாருங்கள். ஐந்து சாண் வராவிட்டால் என்னை வந்து கேளுங்கள்!

சைபர் என்றால் வீண் என்று அர்த்தமா?

இனி, இடப்பெயர்ச்சி சைபர் என்றால் நடந்ததெல்லாம் வீண் என்று சில பேர் பேசிவிடுகிறார்கள். "செக்குமாடு மாதிரி சுற்றுகிறான்" என்று ஒருவனைத் திட்டுகிறோம். ஆனால் தோழர்களே, செக்குமாடு சுற்றியதனால் எண்ணெய் வந்ததா, இல்லையா? இடப்பெயர்ச்சி சைபராக இருந்தும் எண்ணெய் எப்படி வந்தது?

பாடப் புத்தகத்தில், விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் வேலை என்று எழுதியிருக்கின்றது. இதை வெறும் மந்திரமாக மனப்பாடம் செய்த பிள்ளை, "மாட்டின் இடப்பெயர்ச்சி சைபர், ஆகவே மாடு செய்த வேலையும் சைபர்" என்று எழுதிவிடுகின்றது. இது தப்பு. மாடு இழுக்கிற திசை அடிக்கு அடி மாறிக்கொண்டே போகின்றது. ஆதலால் ஒவ்வொரு சின்ன அடிக்கும் உள்ள பெயர்ச்சியைத் தனித்தனியே எடுத்து, அந்த அடியில் இழுத்த விசையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். மாடு 200 நியூட்டன் விசையோடு தன் தடத்திலேயே இழுத்தால், ஒரு சுற்றுக்கு 4,400 ஜூல் வேலை. செக்கில் எள் நசுங்குவதும், உராய்வில் செக்கு சூடேறுவதும் இந்த வேலையினால்தான். அந்த உராய்வு கேட்பது "எவ்வளவு தூரம் இழுத்தாய்?" என்பதை.

பூமியின் இழுப்பு அப்படியல்ல. 20 கிலோ மூட்டையை 3 மீட்டர் உயரமுள்ள பரணில் ஏற்ற வேண்டும். நேராகத் தூக்கினாலும், படிக்கட்டில் வளைந்து வளைந்து ஏற்றினாலும், அந்த இழுப்புக்கு எதிராக மூட்டையின்மேல் செய்த வேலை 20, 9.8, 3 இவற்றைப் பெருக்கிய 588 ஜூல்தான். பூமி வழியைக் கேட்கவில்லை, "எவ்வளவு உயரம் பெயர்ந்தது?" என்று மாத்திரம் கேட்கின்றது. ஆகவே இயற்கையிலேயே இரண்டு கேள்விகளும் உண்டு. இரண்டுக்கும் தனித்தனிப் பதிலும் உண்டு. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதில்லை.

யுகாண்டா தேசத்து ஜோசுவா செப்டிகை என்ற ஓட்டக்காரர், 2020-ஆம் வருஷம் அக்டோபர் 7-ஆம் தேதி ஸ்பெயின் தேசத்து வாலென்சியாவில் 10,000 மீட்டர் தூரத்தை 26 நிமிஷம் 11 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். 400 மீட்டர் வட்டத்தை 25 தடவை சுற்றி, புறப்பட்ட கோட்டிலேயே வந்து முடித்தார். அவருடைய சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 6.4 மீட்டர். ஏனென்றால் வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுத்தது. இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் வருவதற்குத் திசைவேகம் என்று பெயர்; அது அவருக்குச் சராசரியில் சைபர். அங்கே நமது கணக்குப்பிள்ளை இருந்திருந்தால், "நீ எங்கே அப்பா ஓடினாய்? நின்ற இடத்திலேயே அல்லவா நிற்கிறாய்?" என்று கேட்டிருப்பார்! உலகம் சிரித்திருக்கும். ஆனால் அன்று திண்ணையில் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

வழியை நீட்டியவர்கள்

இந்த இரண்டு அளவுகளையும் மாற்றிப் போட்டு நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லுகிறேன். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக்கூடாது என்று 2016-ஆம் வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளத்தில் வடக்குப் பரவூரில் ஒரு மது விடுதி சாலைக்குக் கிட்டே இருந்தது. அவர்கள் 2017-இல் என்ன செய்தார்கள் தெரியுமா? கடையை ஒரு அடிகூட நகர்த்தவில்லை. முன்னால் இருந்த காலி இடத்தில் தடுப்புகளை வைத்து, பாம்பு நெளிவதுபோல் வளைந்து வளைந்து போகும்படி ஒரு வழியைப் போட்டு, நடக்கிற தூரத்தை நீட்டிவிட்டார்கள்! குடித்துவிட்டு வருகிறவன் வளைந்து நடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கோ குடிக்கப் போகும்போதே வளைந்து நடக்க வைத்தார்கள். சாலைக்கும் கடைக்கும் உள்ள நேர் அளவு இருந்தபடியே இருந்தது. வழியின் தூரம் மட்டும் நீண்டது. 500 மீட்டர் என்றால் எந்த 500 மீட்டர் என்ற சந்துக்குள் புகுந்து கொண்டார்கள்.

ஆகவே அளவைச் சொல்லுகிறவர்கள் எந்த அளவு என்பதையும் சொல்ல வேண்டும். 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்திற்காக 2010-இல் மத்திய அரசாங்கம் செய்த விதிகளில், முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கிலோமீட்டர், ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று கிலோமீட்டர் நடை தூரத்துக்குள் பள்ளிக்கூடம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். "நடை தூரம்" என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள். ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு ஆறு ஓடுகின்றது, பாலமில்லை என்று வைத்துக் கொள்வோம். படத்தில் கோல் வைத்து அளக்கிற உத்தியோகஸ்தர் "முக்கால் கிலோமீட்டர்தானே" என்பார். காக்கைக்கு அது சரி. ஆறு வயதுக் குழந்தை பாலமிருக்கிற இடம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வரவேண்டுமே! குழந்தையின் கால் நடப்பது படத்தின் கோட்டிலல்ல, மண் வழியில். உங்கள் ஊரில் யாரேனும் அப்படி அளந்தால், "ஐயா, இது இடப்பெயர்ச்சி, நாங்கள் கேட்பது தூரம்" என்று சொல்லுங்கள். அவ்வளவு சொல்லத் தெரிந்துவிட்டால் இன்றைய கூட்டம் பயன்பட்டதாகும்.

இன்னொரு வழியும் உண்டு, அது வேடிக்கையல்ல. திருவாங்கூரில் வைக்கம் என்ற ஊரில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நடக்கக்கூடாது என்று தடுத்திருந்தார்கள். 1924-ஆம் வருஷம் மார்ச் 30-ஆம் தேதி அங்கே சத்தியாக்கிரகம் துவங்கியதும், நமது பெரியாரும் நாகம்மையாரும் அங்கே போய் நின்றதும் உங்களுக்குத் தெரிந்தவையே. ஆனால் அதைப் பௌதிகக் கணக்காகவும் ஒரு தரம் பாருங்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக வேண்டிய இரண்டு மனிதர்கள். இரண்டு பேருக்கும் இடப்பெயர்ச்சி ஒன்றே. ஒருவன் நேரே நடந்து போகிறான். மற்றவன் சுற்றிக்கொண்டு போகிறான். அந்த அதிகப்படியான தூரத்தை உண்டாக்கியது ஆறா, மலையா, காடா? ஒன்றுமில்லை. மனிதன் போட்ட தடைதான். தினந்தோறும், வெயிலிலும் மழையிலும், தலையில் சுமையோடு, இடுப்பில் குழந்தையோடு அந்த அதிகப்படி தூரத்தை அவர்கள் நடந்தார்கள். அதற்குக் கணக்கு வைத்தவர் யார்? 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்கத்துத் தெருக்கள் திறந்தன. கிழக்குப் பக்கம் அப்பொழுதும் எல்லோருக்கும் திறக்கவில்லை. 1936-இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வரவேண்டியிருந்தது. "எப்படியும் போய்ச் சேருகிறாயே, எந்த வழியாய்ப் போனால் என்ன?" என்று கேட்டவர்கள், இடப்பெயர்ச்சியைக் காட்டித் தூரத்தை மறைத்தவர்கள்.

சனிப் பெயர்ச்சி

கடைசியாக ஒன்று. இடப்பெயர்ச்சி என்று நான் சொல்லச் சொல்ல, உங்களில் சிலருக்குச் சனிப் பெயர்ச்சி ஞாபகம் வந்திருக்கும்! வரட்டும், அதையும் அளந்து பார்த்துவிடுவோம். சனி என்ற கிரகம் சூரியனிலிருந்து சராசரி 143 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு சுமார் 29½ வருஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகின்றது. அந்த ஒரு சுற்றின் தூரம் ஏறக்குறைய 900 கோடி கிலோமீட்டர். சுற்றி முடித்தவுடன், சூரியனை வைத்துப் பார்த்தால் அதன் இடப்பெயர்ச்சி என்ன? நம் செக்குமாட்டுக்கு என்னவோ அதேதான்; சைபர்! முப்பது வருஷம் வாழ்ந்தவனுமில்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனுமில்லை என்ற பழமொழியில் வருகிற முப்பது வருஷத்தை இந்தச் சுற்றோடு சேர்த்துச் சொல்லுவதும் உண்டு. பன்னிரண்டு ராசிக்கு 29½ வருஷம் என்றால் ஒரு ராசிக்குச் சுமார் இரண்டரை. மூன்று ராசிக்கு ஏழரை. ஏழரை நாட்டான் என்று பயப்படுவதெல்லாம் இந்த வகுத்தல் கணக்குத்தான்.

"வக்கிர கதியில் பின்னால் போகிறானே, அது ஏன்?" என்பீர்கள். சனி ஒரு நாளும் பின்னால் போவதில்லை. நீங்கள் ஏறியிருக்கிற வேகமான ரயில், பக்கத்துத் தண்டவாளத்தில் அதே திசையில் மெதுவாகப் போகிற ரயிலைத் தாண்டும்போது, அந்த ரயில் பின்னால் போவதுபோல் தோன்றுகிறதல்லவா? பூமி உள்வட்டத்தில் வேகமாகப் போகின்றது. சனி வெளிவட்டத்தில் மெதுவாகப் போகின்றது. நாம் அதைத் தாண்டுகிற மாதங்களில் அது பின்வாங்குவதாகத் தெரிகின்றது. எங்கே நின்றுகொண்டு அளக்கிறோம் என்பதையும் சொல்லாவிட்டால் பெயர்ச்சிக் கணக்கு முழுமையாகாது என்பதற்கு இதுவே சாட்சி. இதில் பரிகாரம் செய்ய வேண்டியவர் யார்? பூமியா, சனியா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆகவே தோழர்களே, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். "எவ்வளவு நடந்தாய்?" என்பது ஒரு கேள்வி. "புறப்பட்ட இடத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு பெயர்ந்தாய்?" என்பது வேறொரு கேள்வி. கூலி கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது கேள்வியைக் கேட்கிறவனும், முன்னேறினாயா என்று கேட்டால் முதல் கேள்விக்குப் பதில் சொல்லி, "பார், எவ்வளவு நடந்திருக்கிறேன்!" என்று காலைக் காட்டுகிறவனும் ஒரே மாதிரி ஆசாமிகள். இரண்டு பேரையும் அடையாளம் கண்டுகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு முழ நூலும், கொஞ்சம் பொறுமையும், "எந்த அளவைச் சொல்லுகிறாய்?" என்று கேட்கிற தைரியமும் போதும். அன்று திண்ணையில் அந்தத் தைரியம் எனக்கு இல்லை. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு அது இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

நான் இன்று காலை என் வீட்டிலிருந்து புறப்பட்டு இங்கே வந்தேன். இரவு வண்டிக்குத் திரும்பி என் வீட்டுக்கே போய்ச் சேருவேன். என் இடப்பெயர்ச்சி சைபர்தான். ஆனால் வந்தது வீணா, இல்லையா என்பது உங்கள் கையில் இருக்கின்றது.